கடைமடைத் தண்ணீரும் யூவி வெளிச்சமும்

இன்னைக்கு ஒரு சின்ன கேள்வியில இருந்து ஆரம்பிக்கலாம். உங்க வீட்டு கிச்சன்ல மாட்டியிருக்கிற வாட்டர் பியூரிஃபையர் உள்ள யூவி விளக்குன்னு ஒண்ணு இருக்கலாம். அது கிருமியைச் செயலிழக்க வைக்கும், சரி. தண்ணில பூச்சி மருந்து கலந்திருந்தா? அந்த விளக்கு மட்டும் இருந்தா பெருசா ஒண்ணும் நடக்காது. ஆனா அதே யூவி வெளிச்சத்தை வச்சு பூச்சி மருந்தையும் உடைக்க முடியும். ஒரு ஊருக்கே அப்படிக் குடிநீர் கொடுத்திருக்காங்க. அந்தக் கதைக்கு நாம நெதர்லாந்து போகணும்.

வடக்கு ஹாலந்து மாகாணத்தில், ஐசல்மீர் ஏரிக்கரையில் இருக்கிற சின்ன ஊர் ஆண்டைக். 1932-ல கடலுக்குக் குறுக்கே அணை கட்டினதால உருவான நன்னீர் ஏரி இது. ஏரிக்கு வர்ற தண்ணியில பெரும்பகுதி ரைன் நதியோட ஒரு கிளையில இருந்து வருது. ரைன் சுவிட்சர்லாந்து மலையில கிளம்பி, ஜெர்மனியோட ஆலைகள், வயல்கள் எல்லாம் தாண்டித்தான் நெதர்லாந்துக்கு வந்து சேரும். நம்ம ஊர் பாஷையில சொன்னா, ஆண்டைக் கடைமடை.

மேல என்ன நடந்தாலும் கீழ தெரியும். 1986 நவம்பர் 1 அன்று சுவிட்சர்லாந்தின் பாசல் நகரம் பக்கத்துல ஒரு ரசாயனக் கிடங்கு தீப்பிடிச்சுது. தீயணைக்க அடிச்ச தண்ணி, டன் கணக்குல பூச்சிக்கொல்லியை நதிக்குள்ள அடிச்சுட்டுப் போச்சு. ரைன் சிவப்பாச்சு. லட்சத்துக்கும் மேல விலாங்கு மீன்கள் செத்துப் போச்சு. அது ஒருநாள் விபத்து, உலகமே பார்த்துச்சு. வயல்ல அடிக்கிற மருந்து மழையோட தினமும் கொஞ்சம் கொஞ்சமா வர்றது யார் கண்ணுக்கும் தெரியாது.

ஆண்டைக் நீர் நிலையம் 1968-ல தொடங்கினது. நடத்துறது பி.டபிள்யூ.என் என்ற குடிநீர் நிறுவனம். அன்னைக்கு எல்லாரும் நம்பின மருந்தையே அவங்களும் நம்பினாங்க: குளோரின். ஆனா 1974-ல, ராட்டர்டாம் குடிநீர் நிலையத்தில் வேலை பார்த்த யோஹன்னஸ் ரூக் என்ற வேதியியலாளர் ஒரு சங்கடமான விஷயத்தை வெளியிட்டார். தண்ணில இயற்கையாவே கரைஞ்சிருக்கிற மக்கிய இலைதழைச் சத்தோட குளோரின் சேரும்போது, குளோரோஃபார்ம் மாதிரியான பொருட்கள் உருவாகுது. அதாவது, சுத்தம் பண்ணப் போட்ட மருந்தே புது அழுக்கை உண்டாக்குது!

இன்னொரு பக்கம் சட்டமும் இறுகிச்சு. ஐரோப்பிய விதிப்படி, குடிநீர்ல எந்த ஒரு பூச்சிக்கொல்லியும் லிட்டருக்கு 0.1 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது. அதாவது 1 கோடி லிட்டருக்கு 1 கிராம். நாலு ஒலிம்பிக் நீச்சல் குளத்துல ஒரு சிட்டிகை உப்புன்னு வச்சுக்கோங்க.

சரி, ஓசோன் போடலாமா? யோசிச்சுப் பார்த்தாங்க. ஆனா அந்தத் தண்ணில புரோமைடு இருக்கு. ஓசோன் அதை புரோமேட்டா மாத்திடும். புற்றுநோய் உண்டாக்கலாம்னு சந்தேகிக்கப்படுற பொருள் அது. மறுபடியும் அதே கதை.

இங்கதான் ஒரு பழைய கண்டுபிடிப்பு உதவிக்கு வருது. 1894-ல கேம்பிரிட்ஜில் ஹென்றி ஃபென்டன் என்பவர், ஹைட்ரஜன் பெராக்சைடோட கொஞ்சம் இரும்பு சேர்த்தா டார்டாரிக் அமிலம் வேகமா ஆக்சிஜனேற்றம் ஆகுதுன்னு எழுதினார். ஏன்னு அப்போ புரியலை. 40 வருஷம் கழிச்சு, 1934-ல, ஹேபரும் வைஸும் ஒரு விளக்கம் சொன்னாங்க: ஹைட்ராக்சில் ரேடிக்கல். பெராக்சைடு மூலக்கூறு ரெண்டா உடையும்போது வர்ற துண்டு அது. ஆயுசு ரொம்ப ரொம்பக் குறைவு. அதுக்குள்ள பக்கத்துல எது இருந்தாலும் பாய்ஞ்சு, அதுல இருந்து ஹைட்ரஜனைப் பிடுங்கும். பூச்சி மருந்தா, மாத்திரையோட மிச்சமான்னு அது பார்க்காது. இரும்புக்குப் பதிலா யூவி வெளிச்சத்தை வச்சும் பெராக்சைடை உடைக்கலாம். இந்த மாதிரி முறைகளுக்கெல்லாம் சேர்த்து 'மேம்பட்ட ஆக்சிஜனேற்றம்'னு பேர் வச்சது 1987-ல.

2004 அக்டோபர்ல ஆண்டைக் நிலையம் குளோரினை விட்டுட்டு யூவியும் பெராக்சைடும் சேர்ந்த முறைக்கு மாறிச்சு. அட்ரசின்ங்கிற களைக்கொல்லியில 80 சதவீதம் உடையணும், இதுதான் இலக்கு. அதுக்கு லிட்டருக்கு 6 மில்லிகிராம் பெராக்சைடு, 1000 லிட்டருக்கு அரை யூனிட்டுக்குக் கொஞ்சம் மேல கரண்ட். கிருமிக்கு ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 40 மில்லிஜூல் வெளிச்சம் போதும்னு பொதுவா சொல்வாங்க. இங்க வச்சது 540. வீட்டு விளக்கால ஏன் முடியாதுன்னு இப்போ புரியுதா? வெளிச்சமும் பத்தாது, பெராக்சைடும் கிடையாது.

அப்போ இதுல மிச்சமே இல்லையா? இருக்கு. அந்த பலமான விளக்கு, தண்ணில இருக்கிற நைட்ரேட்ல கொஞ்சத்தை நைட்ரைட்டா மாத்தும். உடைஞ்ச துண்டுகள் பாக்டீரியாவுக்குச் சாப்பாடாகும். மீதி பெராக்சைடும் இருக்கும். அதனால யூவிக்கு அடுத்து ஆக்டிவேட்டட் கார்பன் படுகை ஒண்ணு வச்சாங்க. இந்த மூணையும் அதுதான் பார்த்துக்கும். அதாவது, இந்த முறை மிச்சமே வைக்காதுன்னு யாரும் நம்பலை. என்ன மிச்சம் வரும்னு முன்கூட்டியே தேடிட்டுத்தான் ஸ்விட்சைப் போட்டாங்க. ரூக் 1974-ல கத்துக்கொடுத்த பாடம் இதுதான்.

ஆனா ஒரு கேள்வி பாக்கி இருக்கு. அந்த அரை யூனிட் கரண்டுக்கு யார் காசு கொடுக்கிறாங்க? மருந்து தெளிச்சவங்க மேல, நதியோரம் எங்கேயோ இருக்காங்க. பில் வர்றது கடைமடைக்காரங்களுக்கு. காவிரிப் பாசனத்துல கடைமடையில இருக்கிறவங்களுக்கு இந்த நியாயம் யாரும் விளக்கத் தேவையில்லை. எவ்வளவு நல்ல விளக்கு வந்தாலும், மேல தண்ணில கலக்காம இருக்கிறதுதான் எல்லாத்தையும் விட மலிவு.

இன்னைக்கு இவ்வளவுதான். இன்னைக்கு ராத்திரி தண்ணி பிடிக்கும்போது, அது எங்கெல்லாம் சுத்தி உங்க டம்ளருக்கு வந்துச்சுன்னு ஒரு நிமிஷம் யோசிச்சுப் பாருங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.