இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 6: ஆதரவு விலக்கம்
மைக்ரோசாஃப்ட் 2001 ஆகஸ்டில் வெளியிட்ட இணைய உலாவி. விண்டோஸ் எக்ஸ்பியுடன் சேர்ந்து வந்ததால் உலகெங்கும் பரவியது. அடுத்த பதிப்பு 2006இல்தான் வந்தது. அந்த இடைவெளியில் பல நிறுவனங்கள் தங்கள் உள் மென்பொருள்களை இதற்கென்றே எழுதிக்கொண்டு, பின்னர் மாற முடியாமல் சிக்கின. பக்கத்தின் தோற்றத்தை வரையறுக்கும் சிஎஸ்எஸ் விதிகள் பலவற்றை இது பிழையாகப் புரிந்துகொண்டதால் வடிவமைப்பாளர்கள் ஒரே பக்கத்துக்கு இரட்டை வேலை பார்த்தார்கள். 2010 மார்ச்சில் யூடியூப் இதற்கான ஆதரவை நிறுத்தியது. மறு ஆண்டு மைக்ரோசாஃப்டே இதைக் கைவிடச் சொல்லிப் பிரசாரம் செய்தது.

ஆனால் அலுவலகக் கணினியில் உலாவியை மாற்றும் உரிமை பெரும்பாலும் ஊழியருக்கு இல்லை. பழைய உலாவி என்பதற்காக இணையதளங்கள் அவரை வாசலிலேயே திருப்பி அனுப்புவது அநீதி. 2003இல் முன்வைக்கப்பட்ட 'படிப்படி மேம்பாடு' முறையில் உரையும் படிவமும் எல்லா உலாவியிலும் இயங்கும். அலங்காரம் மட்டும் புதியவற்றில் கூடும்.