சாவாலுந்தோ: ஒரு நிலக்கரி நகரமும் அதன் மக்களும்

நம் குடும்பங்களில் பலர் மேற்குச் சுமத்திராவுக்குச் சுற்றுலா சென்று வந்திருப்பார்கள். படாங்கில் இறங்கி, புக்கிட்டிங்கியின் குளிரில் இரண்டு நாள் தங்கி, தெலுக்கோங் துணி வாங்கித் திரும்புவது வழக்கம். படாங் பழைய நகரில் இந்திய முஸ்லிம்களின் வழித்தோன்றல்கள் பேணிவரும் முஹம்மதன் பள்ளிவாசலைச் சிலர் பார்த்திருக்கலாம். நாகூர் ஷாகுல் ஹமீது நாயகத்தின் நினைவாகச் சர்க்கரைப் பொட்டலங்களை வீசும் ‘செராக் கூலோ’ ஆண்டுதோறும் அங்குதான் நடக்கிறது.

அதே படாங்கிலிருந்து மலைகளைக் கடந்து உள்நாட்டுக்குள் ஏறத்தாழ 95 கிலோமீட்டர் சென்றால் சாவாலுந்தோ என்ற சிறிய நகரம் வரும். நம்மவர்கள் அதுவரை போவது குறைவு. ‘சாவா’ என்றால் வயல் என்பது நமக்குத் தெரிந்ததே. லுந்தோ என்பது அங்கே ஓடும் ஆறு. நெல் வயலின் பெயரைத் தாங்கிய அந்தப் பள்ளத்தாக்கு ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக நிலக்கரியால் வாழ்ந்தது. அங்கு வந்தவர்கள் யார், போனவர்கள் யார், நின்றவர்கள் யார் என்று பார்த்தால், புலம்பெயர்ந்து வந்த குடும்பங்களாகிய நமக்கும் அதில் ஒரு பாடம் இருக்கிறது.

கரி கிடைத்த கதை

1868இல் வில்லெம் ஹென்ரிக் டி கிரேவ் என்ற டச்சுச் சுரங்கப் பொறியாளர் ஒம்பிலின் ஆற்றுப் பகுதியில் நல்ல தரமான நிலக்கரி இருப்பதை அறிவித்தார். மேலும் ஆய்வு செய்யச் சென்றபோது, 1872இல் குவாந்தான் ஆற்றில் மூழ்கி இறந்தார். அவருக்குப் பின் வந்த வெர்பேக் என்ற அறிஞர் அங்கே சுமார் 20 கோடி டன் கரி இருக்கும் என்று கணித்தார். நீராவிக் கப்பல்களும் இரயில் வண்டிகளும் கரியால் ஓடிய காலம் அது. டச்சு அரசு விடுமா? 1888 டிசம்பர் 1ஆம் தேதியை இன்றும் அந்நகரம் தன் பிறந்த நாளாகக் கொண்டாடுகிறது.

கரி இருந்தது மலைக்காட்டில். கப்பல் நின்றது கடற்கரையில். இரண்டையும் இணைக்க 155 கிலோமீட்டர் இரயில் பாதை போடப்பட்டது. செங்குத்தான ஆனாய் பள்ளத்தாக்கில் வண்டி வழுக்கிவிடாமல் இருக்கப் பற்சக்கரத் தண்டவாளம் அமைத்தார்கள். நகரின் வாசலில் 800 மீட்டருக்கும் நீளமான குகைப்பாதை குடைந்தார்கள். 1894இல் சாவாலுந்தோவுக்கு இரயில் வந்து சேர்ந்தது. இன்று தெலுக் பாயூர் என்று அழைக்கப்படும் எம்மாஹாவன் துறைமுகம் இந்தக் கரியை ஏற்றுவதற்காகவே வளர்ந்தது.

சங்கிலி மனிதர்கள்

சுரங்கத்தில் இறங்க ஆள் வேண்டும். உள்ளூர் மினாங்கபாவ் மக்கள் வேலை செய்தார்கள். ஜாவானியரும் சீனரும் ஒப்பந்தத்தில் வந்தார்கள். அவர்களும் போதாமல், டச்சு ஆட்சியின் கீழிருந்த பல தீவுகளின் சிறைகளிலிருந்து கைதிகளைக் கொண்டுவந்தார்கள். அவர்களைச் சங்கிலியால் பிணைத்து வேலைக்கு நடத்திச் சென்றார்கள். அதனால் மக்கள் அவர்களை ‘ஓராங் ரந்தாய்’, அதாவது சங்கிலி மனிதர்கள் என்றே அழைத்தார்கள். அவர்களில் குற்றம் செய்தவர்களும் உண்டு, ஆட்சியை எதிர்த்ததற்காகச் சிறைப்பட்டவர்களும் உண்டு.

அவர்களுக்குப் பெயர் இல்லை, எண் மட்டுமே. இறந்த பிறகும் அப்படித்தான். நடுகல்லில் எண்ணை மட்டும் பொறித்துப் புதைத்தார்கள். தகப்பன் பெயர் சொல்லி அழைக்கப்பட வேண்டிய ஒருவருடைய மண்ணறையில் வெறும் எண் மட்டும் நிற்பதை நினைத்துப் பாருங்கள்.

1898இல் திறக்கப்பட்ட ஒரு சுரங்கத்திற்கு இன்று ‘லூபாங் ம்பா சூரோ’ என்று பெயர். ஜாவாவிலிருந்து வந்து, தொழிலாளர்களின் மதிப்பைப் பெற்ற ஒரு மண்டோரின் பெயர் அது. திறந்துவைத்த டச்சு அதிகாரியின் பெயரை மக்கள் வைக்கவில்லை.

ஒரே அடுப்பு, ஒரே பேச்சு

1918இல் தொழிலாளர்களுக்காக நீராவியில் இயங்கும் பெரிய சமையற்கூடம் கட்டப்பட்டது. ஆள் இறங்கி நிற்கும் அளவுக்குப் பெரிய கொப்பரைகளில் நாளொன்றுக்கு 60 பிக்குலுக்கும் மேல் அரிசி வெந்தது. ‘கூடாங் ரான்சும்’ என்ற அந்தக் கட்டடம் 2005 முதல் அருங்காட்சியகமாக இருக்கிறது.

மினாங்கபாவ், ஜாவானியர், சீனர், மதுரா, பாலி, பூகிஸ் என்று பல இனத்தார் ஒரே தங்சியில், அதாவது தொழிலாளர் குடியிருப்பில், வாழ்ந்ததால் அவர்களுக்கிடையே ஒரு கலப்புப் பேச்சு பிறந்தது. மலாய் அடித்தளத்தில் எல்லா மொழிச் சொற்களும் கலந்த அந்தப் பேச்சை ‘பாஹாசா தான்சி’ என்கிறார்கள். இந்தோனேசிய விடுதலைத் தலைவர்களில் ஒருவரும், 1928 இளைஞர் உறுதிமொழியை வகுத்தவருமான முஹம்மது யாமின் பிறந்ததும் அடக்கமானதும் இந்நகருக்குட்பட்ட தாலாவியில்தான். இன்று நகர எல்லைக்குள் இருக்கும், சொங்கெட் நெசவுக்குப் பெயர்பெற்ற சிலுங்காங்கில் 1927 ஜனவரியில் டச்சு ஆட்சிக்கு எதிராகக் கிளர்ச்சி வெடித்து, கடுமையாக ஒடுக்கப்பட்டது.

ஏறி இறங்கிய மக்கள் தொகை

1930இல் நகரின் மக்கள் தொகை 43,576. அவர்களில் டச்சுக்காரர்கள் 564 பேர் மட்டுமே. 1940க்குப் பிறகு போரும், அதன் பின் வந்த குழப்பங்களும், எண்ணெயின் வருகையும் கரித் தொழிலைச் சாய்த்தன. உற்பத்தி ஆண்டுக்குச் சில பத்தாயிரம் டன்னாகச் சுருங்கியது. வேலை போன இடத்தில் ஆள் எப்படி நிற்பார்? 1980இல் அங்கே இருந்தவர்கள் 13,561 பேர்தான். ஐம்பது ஆண்டுகளில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல் குறைந்துவிட்டது.

பிறகு நவீன இயந்திரங்கள் வந்து உற்பத்தி மறுபடியும் ஏறியது. 1990களின் இறுதியில் ஆண்டுக்கு 10 லட்சம் டன்னைத் தாண்டியது. ஆனால் மேலாகக் கிடைத்த கரி 2000 வாக்கில் தீர்ந்துவந்தது. இன்னொரு முறை ஊர் காலியாகும் என்றே பலரும் எண்ணினார்கள்.

அப்படி நடக்கவில்லை. 2010 கணக்கெடுப்பில் 56,866 பேர், 2020இல் 65,138 பேர். இங்கே ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். 1990இல் சுற்றியிருந்த கிராமங்களையும் சேர்த்து நகர எல்லையை விரிவாக்கினார்கள். 8 சதுர கிலோமீட்டர்கூட இல்லாதிருந்த நகரம் 273 சதுர கிலோமீட்டர் ஆனது. எனவே உயர்வில் ஒரு பகுதி எல்லைக் கோட்டால் வந்தது. ஆயினும் கரி தீர்ந்த பிறகும் மக்கள் தொகை கூடியது என்பது உண்மையே.

புகைபோக்கி மினாராவானது

கரி தீரும் நேரத்தில் நகரத்தார் ஒரு முடிவெடுத்தார்கள். தங்களிடம் மிஞ்சியிருப்பது வரலாறு, அதையே காப்போம் என்றார்கள். சுரங்கம், சமையற்கூடம், இரயில் நிலையம், ‘மாக் இத்தாம்’ என்ற பழைய கரி இரயில் எந்திரம் எல்லாவற்றையும் பழுதுபார்த்தார்கள். 2019 ஜூலையில் யுனெஸ்கோ இந்தச் சுரங்கப் பகுதியை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

இந்தப் பாதுகாப்புக்கு முன்னோடியாக ஒரு பள்ளிவாசல் அங்கே நிற்கிறது. 1894இல் டச்சுக்காரர்கள் கட்டிய மின்நிலையம் பின்னாளில் வேறிடம் மாற்றப்பட்டது. விடுதலைப் போரின்போது அந்தக் கட்டடத்தில் போராளிகள் ஆயுதம் செய்தார்கள். 1952இல் ஊர் மக்கள் அதையே மஸ்ஜித் அகோங் நூருல் இஸ்லாம் பள்ளிவாசலாக்கினார்கள். எழுபது மீட்டருக்கும் உயரமான அதன் புகைபோக்கியை இடிக்கவில்லை. அதன் உச்சியில் குவிமாடம் வைத்து மினாரா ஆக்கிவிட்டார்கள். கரும்புகை கக்கிய இடத்திலிருந்து இன்று பாங்கு ஒலிக்கிறது.

நமக்கு என்ன?

சாவாலுந்தோ கட்டடங்களைக் காத்துவிட்டது, மொழியைக் காத்துவிட்டது. எண் பொறித்த கற்களின் கீழ் உறங்குபவர்களின் பெயர்களை மட்டும் மீட்க முடியவில்லை. எழுத வேண்டிய காலத்தில் எழுதாமல் விட்டால் எந்த அருங்காட்சியகத்தாலும் அதைத் திருப்பித் தர இயலாது.

நம் முன்னோர் சங்கிலியில் வரவில்லை, கப்பல் சீட்டு எடுத்து வந்தார்கள். ஆனால் அவர்களிலும் எத்தனை பேரின் முழுப்பெயரும் ஊரும் நமக்குத் தெரியும்? வீட்டில் இருக்கும் பழைய புகைப்படங்களை இந்தப் பொன்விழா ஆண்டில் எடுத்துப் பாருங்கள். அத்தாவிடமும் நன்னியிடமும் கேட்டு, படத்தில் இருப்பவர் யார், எந்த ஊர், எந்த ஆண்டு வந்தார் என்று பின்புறம் எழுதி வையுங்கள். சொல்லக்கூடியவர்கள் நம்மோடு இருக்கும்போதே அதைச் செய்துவிடுவோம்.