அடையாறு மாடியறை: எம்மா கூலோம் என்ற பணியாளரும் 1884-ஆம் ஆண்டு விவகாரமும்

1884 செப்டம்பரில் சென்னைக் கிறித்துவக் கல்லூரியின் இதழ் சில கடிதங்களை அச்சிட்டது. பிரம்மஞான சபையை நிறுவியவர்களுள் ஒருவரான பிளாவட்ஸ்கி அம்மையார் தம் வீட்டுப் பணியாளருக்கு எழுதியவை என்று அவை வெளியிடப்பட்டன. அற்புதங்களை எப்படி ஏற்பாடு செய்ய வேண்டும் என்பதே அவற்றின் சாரம். அந்தப் பணியாளர் எம்மா கூலோம். நூற்றுநாற்பது ஆண்டுகளாக இந்த விவகாரத்தைப் பற்றி எழுதியவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்டிருக்கிறார்கள்: பிளாவட்ஸ்கி உண்மையானவரா, போலியா? எம்மா இரு தரப்புக்கும் வெறும் சாட்சியாகவே நின்றுவிட்டார். ஒரு தரப்புக்குப் பயனுள்ள சாட்சி, மறு தரப்புக்குத் துரோகியான சாட்சி. ஒரு வீட்டு வேலைக்காரர் எப்படித் தம் முதலாளியின் மறைவான உலகத்துக்குள் படிப்படியாக இழுக்கப்பட்டார் என்பதைக் கால வரிசையில் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இந்த உறவு தொடங்கியபோது முதலாளியும் இல்லை, பணியாளரும் இல்லை. 1871-72-இல் கெய்ரோ நகரில் இருவரும் சந்தித்தார்கள். கப்பல் விபத்துக்குப் பின் கையில் காசில்லாமல் வந்திறங்கிய பிளாவட்ஸ்கிக்கு எம்மா பணம் கொடுத்து உதவினார். அங்கே பிளாவட்ஸ்கி தொடங்கிய ஆவியுலக ஆய்வுச் சங்கம் சீக்கிரமே கலைந்தது. பிளாவட்ஸ்கி பின்னர் அமெரிக்கா சென்றார். 1875-இல் ஹென்றி ஆல்காட், வில்லியம் ஜட்ஜ் முதலியோருடன் நியூயார்க்கில் பிரம்மஞான சபையை நிறுவினார். 1879 பிப்ரவரியில் பம்பாய் வந்தார். எம்மாவோ பிரெஞ்சுக்காரரான அலெக்சிஸ் கூலோமை மணந்து, கெய்ரோவில் நடத்திய விடுதியில் நொடித்துப்போய், கணவருடன் இலங்கையின் காலி நகரில் அல்லாடிக்கொண்டிருந்தார். பழைய சிநேகிதி பம்பாயில் பேரோடு இருப்பதைக் கேள்விப்பட்டுக் கடிதம் எழுதினார். 1880 மார்ச்சில் கணவனும் மனைவியும் பம்பாய் சபை வீட்டுக்கு வந்து சேர்ந்தார்கள்.

ஒரு காலத்தில் கடன் கொடுத்தவர், இப்போது அடைக்கலம் கேட்டு வந்தவர். பின்னால் நடந்த எல்லாவற்றுக்கும் இந்தத் தலைகீழ் மாற்றமே அடிப்படை என்பது என் கருத்து. எம்மாவுக்குக் கிடைத்தது இருக்க இடமும் உண்ண உணவும். சமையலறை, சாமான் கணக்கு, வேலையாட்கள் எல்லாம் அவர் பொறுப்பு. தச்சு வேலையிலும் இயந்திர வேலையிலும் கைதேர்ந்த அலெக்சிஸ் வீட்டைப் பழுது பார்த்தார். பிழைக்க வேறு வழியில்லாத, ஊர்மொழி தெரியாத, திரும்பிப் போக வீடில்லாத இருவர் அவர்கள். ரகசியத்தைக் காக்க இவர்களைவிடப் பொருத்தமான ஆட்கள் கிடைக்க மாட்டார்கள்.

ரகசியம் எது? இமயத்துக்கு அப்பால் வாழும் மோரியா, கூட் ஹூமி என்ற மகாத்மாக்கள் தம்மோடு தொடர்பில் இருப்பதாகப் பிளாவட்ஸ்கி சொன்னார். அவர்கள் எழுதியவை என்ற கடிதங்கள் கூரையிலிருந்து விழுந்தன, தலையணைக்கடியில் கிடைத்தன. அலகாபாத் ‘பயனியர்’ பத்திரிகை ஆசிரியராக இருந்த சின்னெட் அவற்றை நம்பி 1881-இல் ஒரு நூலே எழுதினார். அவருக்கு வந்த கடிதங்கள் இன்று பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளன. எம்மா பின்னாளில் சொன்ன கதை வேறு. தலைப்பாகையோடு ஒரு பொம்மைத் தலையும் தோளும் செய்து, இரவில் மகாத்மா தோன்றுவதாகத் தூரத்திலிருந்து காட்ட உதவியதாக அவர் எழுதினார். உத்தரங்களுக்கிடையே உள்ள இடுக்கில் கடிதத்தை வைத்து, நூலால் இழுத்து விழச் செய்ததாகவும் தம்பதிகள் சொன்னார்கள். இந்த வேலைகளில் எதுவும் மந்திரம் தெரிந்தவருக்கு உரியதன்று. தைக்கத் தெரிந்த கையும் உளி பிடிக்கத் தெரிந்த கையும் செய்கிற வேலை.

1882 டிசம்பரில் சபை அடையாற்றங்கரையில் ஹடில்ஸ்டன் தோட்டம் என்ற 27 ஏக்கர் இடத்துக்கு மாறியது. பிளாவட்ஸ்கியின் படுக்கையறையை அடுத்திருந்த மாடியறை ஒன்று ‘மறைஞான அறை’ என்று பெயர் பெற்றது. இரண்டு அறைகளுக்கும் நடுச்சுவரை ஒட்டி ஒரு மர அலமாரி தொங்கியது. ‘சந்நிதி’ போன்ற மரியாதை அதற்கு. கேள்வி எழுதிய தாளை உள்ளே வைத்துக் கதவைச் சாத்தினால், சற்று நேரத்தில் பதில் இருக்கும். பூட்டும் சாவியும் எம்மாவிடம்.

இந்த அலமாரியின் மிகப் புகழ்பெற்ற அற்புதம் 1883 ஆகஸ்டில் நடந்தது. அப்போது பிளாவட்ஸ்கி ஊட்டியில் இருந்தார். அங்கே குடியிருந்த ஓய்வுபெற்ற ஜெனரல் மார்கன் அடையாறு வந்தார். எம்மா அலமாரியைத் திறந்ததும், கதவில் சாய்த்து வைத்திருந்த பீங்கான் தட்டு ஒன்று தரையில் விழுந்து நொறுங்கியது. எம்மா பதறினார். துண்டுகளைத் துணியில் பொதிந்து உள்ளே வைத்துக் கதவைச் சாத்தினார்கள். சில நிமிடங்களில் திறந்தபோது தட்டு முழுசாக இருந்தது, கூடவே ஒரு குறிப்பும். மார்கன் இதை முழுமனதோடு நம்பி எழுதினார். பின்னர் எம்மா, ஒரே மாதிரியான இரண்டு தட்டுகளை சென்னையில் கடை ஒன்றில் வாங்கியதாகச் சொன்னார். முழுத் தட்டு சுவரின் பின்புறத் திறப்பு வழியாக வந்தது என்பது அவர் விளக்கம்.

இந்தக் காட்சியில் எஜமானி வீட்டிலேயே இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அற்புதம் நிகழ்ந்தது பணியாளர் கையில். கம்பைநல்லூர்ப் பக்கத்துக் கிராமக் கோயில்களில் சாமியாடி அருள்வாக்குச் சொல்லும்போது, அருகில் ஒருவர் நின்று அதைக் கேட்க வந்தவருக்கு விளங்கும்படி எடுத்துச் சொல்வார். அவர் மனிதர்தான் என்பது கூட்டத்துக்குத் தெரியும். அவருக்கும் விபூதித் தட்டில் ஒரு பங்கு உண்டு, ஊரில் ஒரு மதிப்பு உண்டு. அடையாறு முறையில் உதவியாளர் இருப்பதே தெரியக்கூடாது. தெரிந்தால் அற்புதம் இல்லை. ஆகவே எம்மாவுக்குப் பங்கும் கிடையாது, பேரும் கிடையாது. அவரிடம் இருந்த ஒரே சொத்து அவருக்குத் தெரிந்த விஷயம்தான்.

அந்தச் சொத்தை அவர் பணமாக்கப் பார்த்ததாகச் சபைத் தரப்பு சொல்கிறது. 1884 தொடக்கத்தில் கத்தியவார் இளவரசர் ஹரிசிங்ஜியிடம் எம்மா 2,000 ரூபாய் கேட்டார். பிளாவட்ஸ்கி அதைத் தடுத்துவிட்டார். அந்தப் பிப்ரவரியிலேயே பிளாவட்ஸ்கியும் ஆல்காட்டும் ஐரோப்பாவுக்குக் கிளம்பினார்கள். அடையாற்றில் பொறுப்பேற்ற குழுவில் ஃபிரான்ஸ் ஹார்ட்மன், லேன்-ஃபாக்ஸ் ஆகியோர் இருந்தார்கள். அவர்களுக்கும் கூலோம் தம்பதிகளுக்கும் ஆரம்பத்திலிருந்தே ஒத்துப்போகவில்லை. மாடியறைச் சாவியைத் தர மறுத்தது, சபையைப் பற்றி அவதூறு பேசியது முதலிய குற்றச்சாட்டுகளின் பேரில் மே மாதம் இருவரும் வெளியேற்றப்பட்டார்கள். சாவி கைமாறியபோது நடுச்சுவரில் ஒரு திறப்பும், நகரும் பலகைகளும் தென்பட்டன. அலெக்சிஸ், பிளாவட்ஸ்கி சொல்லி எப்போதோ செய்தவை என்றார். சபையினர், அம்மையார் ஊருக்குப் போன பிறகு அவர் பேரைக் கெடுக்கவே வெட்டியவை என்றார்கள்.

வெளியேறிய எம்மா, பிளாவட்ஸ்கி தமக்கு எழுதியவை என்று சொன்ன கடிதங்களைக் கிறித்துவக் கல்லூரி இதழிடம் கொடுத்தார். அதன் ஆசிரியர் பாட்டர்சனுக்கு அவை பெரும் வாய்ப்பு. இந்து சமயத்துக்கு வெளிநாட்டவரே புகழ்மாலை சூட்டும் சபை, மிஷனரிகளுக்கு நேரடி எதிரி. சென்னைப் படிப்பாளிகளிடையே சபைக்கு இருந்த ஆதரவும் எளிதில் குலையவில்லை. டிசம்பரில் பிளாவட்ஸ்கி திரும்பியபோது பச்சையப்பன் மண்டபத்தில் வரவேற்பு நடந்தது. வெள்ளைக்காரப் பாதிரிகளுக்கு எதிராகத் தங்கள் சமயத்தின் பக்கம் நின்றவர் என்ற நன்றி அதில் இருந்தது. அந்த உணர்வு நியாயமானது. ஆனால் அந்தப் பரபரப்பில் எம்மா சொன்னது உண்மையா என்று நிதானமாகக் கேட்க யாருக்கும் நேரமில்லை. வழக்குத் தொடர விரும்பிய பிளாவட்ஸ்கியையும் சபையின் குழு தடுத்துவிட்டது. நீதிமன்றத்தில் குறுக்கு விசாரணை நடக்கவே இல்லை.

லண்டன் உளவியல் ஆய்வுச் சங்கம் அனுப்பிய ரிச்சர்ட் ஹாட்ஜ்சன் அந்த டிசம்பரில் அடையாறு வந்தார். அவர் வருமுன்பே அலமாரி எரிக்கப்பட்டுவிட்டது. முதன்மையான சான்று சாம்பலான பிறகு நடந்த ஆய்வு அது. மூன்று மாதம் விசாரித்து, 1885 டிசம்பரில் சுமார் 200 பக்க அறிக்கை வெளியிட்டார். அற்புதங்கள் மோசடி, மகாத்மா கடிதங்களில் பெரும்பகுதி பிளாவட்ஸ்கி கைப்பட எழுதியவை, எம்மாவிடம் இருந்த கடிதங்கள் உண்மையானவை என்பது அவர் முடிவு. அதே சங்கத்தைச் சேர்ந்த கையெழுத்து வல்லுநர் வெர்னன் ஹாரிசன் 1986-இல் அந்த அறிக்கை ஒருதலைப்பட்சமானது, கையெழுத்துச் சான்று தேறாது என்று எழுதினார். எம்மாவிடம் இருந்த மூலக் கடிதங்கள் பின்னர் அமெரிக்கர் ஒருவர் கைக்குப் போய்க் காணாமல் போயின.

என் தீர்ப்பு இது: கையெழுத்தைப் பற்றிய ஐயம் நியாயமானது. ஆனால் எம்மா சொன்ன வேலை விவரங்களைக் கையெழுத்தைக் கொண்டு தள்ளிவிட முடியாது. எங்கே இடுக்கு, எப்படிக் கயிறு, எந்தத் தட்டு, யார் சாவி என்று அவர் சொல்வது வேலை செய்தவரின் பேச்சு. அவருக்குக் கோபம் இருந்தது, பண ஆசையும் இருந்திருக்கலாம். வேலையிலிருந்து துரத்தப்பட்ட எந்தப் பணியாளரிடம்தான் கோபம் இராது? ஹாட்ஜ்சன் அறிக்கையை ஏற்பவர்களும் அவரைக் கூலிக்குக் கைமாறிய பெண்ணாகவே பார்த்தார்கள் என்பது வருத்தமானது.

1885 மார்ச்சு 31 அன்று உடல் நலிந்த நிலையில் பிளாவட்ஸ்கி சென்னையை விட்டுப் போனார், இந்தியாவுக்குத் திரும்பவில்லை. 1891-இல் லண்டனில் இறந்தார். அவருடைய இன்னோர் உதவியாளர் தாமோதர் மாவளங்கர் மகாத்மாக்களைத் தேடி 1885 பிப்ரவரியில் திபெத் வழியில் சென்றார், திரும்பி வரவில்லை. நம்பிக்கையோடு போன அந்த இளைஞரைச் சபை இன்றும் போற்றுகிறது. சபையும் வளர்ந்தது. 1886-இல் அடையாறு நூலகம், 1894-இல் ஆல்காட் ஒடுக்கப்பட்ட பிள்ளைகளுக்காகத் தொடங்கிய பள்ளி, அயோத்திதாசருக்கு அவர் செய்த உதவி, அன்னி பெசன்டின் சுயாட்சி இயக்கம் எல்லாம் தமிழக வரலாற்றின் பகுதி. அவற்றின் மதிப்பு மாடியறை அலமாரியைச் சார்ந்தது அன்று. ஆகவே அந்த அறையைப் பற்றிப் பேச இனி யாரும் கூசவேண்டியதில்லை.

எம்மா 1884-இல் சென்னையிலேயே தம் தரப்பைச் சிறு நூலாக வெளியிட்டார். ஹாட்ஜ்சன் அறிக்கை, ஹாரிசனின் மறுப்பு, இந்தச் சிறு நூல் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கவேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சென்னையை ஆய்வு செய்யும் தமிழ் மாணவர் எவரேனும் எம்மாவின் நூலைக் குறிப்புகளோடு தமிழில் கொண்டுவர முன்வர வேண்டும்.