உப்பளத்துச் சிவப்பு

மரக்காணத்துக் கடற்கரையில் எக்கியார்குப்பம் என்னும் மீனவர் ஊர் உள்ளது. அவ்வட்டாரத்துக்குக் கடல் மீனைத் தருகிறது; வெயில் உப்பைத் தருகிறது. உப்பிட்ட மீன் கருவாடாகிறது. ஆனால் ஈரம் போகாத கருவாட்டில் சில சமயம் செந்நிறம் படர்ந்து, உழைப்பெல்லாம் வீணாவதுண்டு. உப்பளங்களில் முற்றிய பாத்தி நீரும் சிவப்பதுண்டு. இவ்விரண்டு சிவப்புக்கும் தொடர்பு உண்டா?

கடல்நீரில் உப்பு சுமார் 3.5 விழுக்காடு. உப்பு விளையும் பாத்தியிலோ 25 விழுக்காட்டுக்கு மேல். அதில் எந்த உயிர் பிழைக்கும் என்றுதானே கேட்பீர்கள்? 1838இல் பிரெஞ்சுத் தாவரவியலார் டூனால், தம் நாட்டு உப்பளங்களின் சிவப்புக்கு நுண்ணுயிர்களே காரணம் என்றார். அவர் கண்ட பாசிக்கு 1905இல் டூனாலியெல்லா என்று பெயரிடப்பட்டது. அது ஒரே உயிரணு; நீந்துவதற்கு இரண்டு கசையிழைகள் உண்டு; நெடுக்காகப் பிளந்து இரண்டாகப் பெருகும். தன்னுள் கிளிசராலைச் சேர்த்து, உப்பு நீர் தன்னை வற்றச்செய்யாமல் காத்துக்கொள்கிறது. பச்சையம் இருப்பதால் ஒளிச்சேர்க்கையும் செய்கிறது. கடும் வெயிலில், காரட்டிலுள்ள கரோட்டின் நிறமி அதில் மிகுந்து பச்சையை மறைத்துவிடும்.

சிவப்பில் பெரும்பங்கு இன்னொரு கூட்டத்துடையது. அதுவே ஹாலோபாக்டீரியம் முதலிய நுண்ணுயிர்கள். இவை இன்று ஆர்க்கியா என்னும் தனிப்பிரிவில் வைக்கப்படுகின்றன. கருவாட்டைச் சிவக்கச்செய்வனவும் இவ்வினத்தவையே. உப்போடு உயிருடன் வந்து மீனில் குடியேறிவிடுகின்றன!

1971இல் ஓஸ்டர்ஹெல்ட், ஸ்டோக்கேனியஸ் என்னும் விஞ்ஞானிகள் ஹாலோபாக்டீரியத்தின் ஊதா நிறச் சவ்வில், நம் கண்ணில் உள்ளதைப் போன்ற ஒரு நிறமிப் புரதத்தைக் கண்டனர். ஒளி பட்டதும் அது புரோட்டான்களை வெளியே தள்ளுகிறது. அந்த விசையால் உயிரணு ஆற்றல் பெறுகிறது. பச்சையம் இல்லாமலே வெயிலைப் பயன்படுத்தும் வழி இது. ஆயினும் இலையைப் போல இது கரியமில வாயுவிலிருந்து மாவுப்பொருள் ஆக்குவதில்லை, ஆக்சிஜனும் விடுவதில்லை.

இவ்வுயிர்களுக்கும் பகை உண்டு. 1974இல் டார்ஸ்விக், டுண்டாஸ் என்னும் நார்வே விஞ்ஞானிகள், ஹாலோபாக்டீரியத்தைத் தாக்கும் வைரஸை அறிவித்தனர். உப்பின் நடுவிலும் வைரஸ் தன் இரையைத் தேடிக்கொள்கிறது.

ஆகவே, பாத்தியின் சிவப்பை அழுக்கென்று எண்ணாதீர்கள். சிவந்த நீர் வெயிலை அதிகம் உறிஞ்சிச் சூடேறி விரைவில் ஆவியாகிறது. உப்பு விளைய அது துணை. கருவாட்டிலோ அதே உயிர் பகை. அதை வெல்ல உப்பு மட்டும் போதாது. நன்றாக உலர்த்தவும் வேண்டும். அடுத்த முறை உப்பளப் பக்கம் போனால், சிவந்த நீரில் ஒரு துளி எடுத்துவந்து பள்ளி மைக்ராஸ்கோப்பில் பாருங்கள். டூனால் கண்ட பாசி உங்கள் கண்முன்னும் நீந்தக்கூடும்.