பர்மா தேக்கின் ஈரம்

ஐராவதிக் கரைக் காடுகளில் ஒரு தேக்கை வெட்டுவதற்கு இரண்டு மூன்று வருஷம் முன்னாலேயே அதைக் கொன்றுவிடுவார்கள். அடிமரத்தைச் சுற்றிப் பட்டையையும், அதற்குள் இருக்கும் வெள்ளை மரப்பகுதியையும், நடுவிலிருக்கும் வைரம் தெரிகிற வரை வளையமாகச் செதுக்கி எடுத்துவிட்டால் வேரிலிருந்து தண்ணீர் மேலே ஏறாது. மரம் நின்ற இடத்திலேயே நின்று காயும். பச்சைத் தேக்கை ஆற்றில் தள்ளினால் மூழ்கிவிடும். இப்படி நின்று காய்ந்தது மிதக்கும். அதற்காகத்தான் இத்தனை பொறுமை. பிறகு வெட்டிச் சாய்த்து, யானைகளை வைத்து ஓடைக்கு இழுத்து, மழைக்கால வெள்ளத்துக்குக் காத்திருந்து, பெரிய ஆற்றில் தெப்பமாகக் கட்டி ரங்கூனுக்கு ஓட்டி வருவார்கள். காட்டில் காய்ந்த மரம் ஆற்றில் மறுபடி நனைந்தது. அதன் ஈரக் கணக்கு அங்கேயே ஒருமுறை ஏறி இறங்கிவிட்டது.

அந்தத் தேக்கின் மதிப்பு எவ்வளவு என்பதற்கு ஒரு செய்தி போதும். 1863-இல் தொடங்கிய பம்பாய் பர்மா டிரேடிங் கார்ப்பரேஷன் மீது பர்மிய அரசு விதித்த அபராதம்தான் 1885 போருக்குச் சாக்கானது. மன்னர் தீபாவின் ஆட்சி அதோடு முடிந்தது.

ரங்கூன் மில்களில் அறுத்த மரம் வங்காள விரிகுடாவைக் கடந்து செட்டிநாட்டுக்கு வந்தது. பர்மாவில் கொடுக்கல் வாங்கல் செய்த நகரத்தார் ஊரில் வீடு கட்டியபோது, தூணும் உத்திரமும் நிலைவாசலும் அந்தத் தேக்கில்தான் அமைந்தன. கூரைக்கு அடியில், வெயில் மழை படாமல், உத்திரங்கள் தலைமுறைக் கணக்கில் இருந்தன. பிறகு வாரிசுகள் பிரிந்தார்கள். சில வீடுகளைப் பிரித்து விற்றார்கள். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவின் பழம்பொருள் கடைகளிலும், வெளியூர் மரவாடிகளிலும் அந்த மரம் இன்றைக்கும் விலைக்குக் கிடைக்கிறது.

வாங்க வருகிறவரிடம் கடைக்காரர் சொல்லும் முதல் வார்த்தை, "நூறு வருஷ மரம் சார், சொட்டு ஈரம் இருக்காது." மரம் வாங்குகிறவர்கள் அதிகமாக ஏமாறுவது இந்த ஒரு வாக்கியத்தில்தான் என்று நினைக்கிறேன். சொல்கிறவரும் அதை நம்பியே சொல்கிறார். மரத்துக்கு எத்தனை வயதானாலும் சுற்றியிருக்கும் காற்றோடு ஈரத்தைக் கொடுத்து வாங்கிக்கொண்டேதான் இருக்கும். 30 டிகிரி வெப்பத்தில் காற்றின் ஈரப்பதம் 80 சதவீதமாக நீடித்தால், மரத்தின் ஈரம் 15, 16-க்கு வந்து நிற்கும். காற்றில் 50 சதவீதம் என்றால் 9 வாக்கில் நிற்கும். நூறு வருஷத் தேக்குக்கும் நேற்று அறுத்த பலகைக்கும் இந்த விதி ஏறக்குறைய ஒன்றுதான். கூரைக்கு அடியில் 11 சதவீதத்தில் இருந்த உத்திரத்தை மரவாடியில் தார்ப்பாய்கூடப் போடாமல் ஐப்பசி, கார்த்திகை மழையில் கிடத்தினால் அது குடிக்காமல் என்ன செய்யும்?

இந்த இடத்தில்தான் ஈரத்தை அளக்கும் மாய்ஸ்சர் மீட்டர் வேண்டும். கையடக்கமான கருவி, முனையில் இரண்டு ஊசி. இதன் அடிப்படையை 1927-இல் தெளிவாக எழுதியவர் அமெரிக்காவின் மேடிசன் நகரத்து வனப்பொருள் ஆய்வகத்தில் இருந்த வேதியியலாளர் ஆல்ஃபிரட் ஸ்டாம். காய்ந்த மரம் மின்சாரத்தைக் கடுமையாகத் தடுக்கும். ஈரம் ஏற ஏறத் தடை சரியும். சரிவு கொஞ்சநஞ்சமல்ல. 7 சதவீத ஈரத்தில் பல்லாயிரம் மெகாஓம் இருக்கும் தடை 25 சதவீதத்தில் ஒரு மெகாஓமுக்கும் கீழே போய்விடும். ஆரம்பகாலக் கருவி ஒன்றில் நியான் விளக்கு மினுக்கும். அது மினுக்கும் வேகத்தை வைத்து ஈரத்தைக் கணித்தார்கள். இன்று அந்த வேலையை எண்திரை செய்கிறது. ஆனால் திரையில் வருவது ஈரத்தின் அளவே அல்ல, மின்தடையிலிருந்து கருவி போட்ட கணக்கு. இதை மறந்துவிட்டுக் குத்தினால் எந்த எண்ணும் வரும்.

மரவாடி மழையில் நனைந்த அப்படி ஒரு பழைய உத்திரத்தை ஒரு பட்டறையில் சோதித்ததை அருகில் இருந்து பார்த்தேன். ஆசாரி முதலில் ஊசியைத் தொடவே இல்லை. காந்தத்தை எடுத்து உத்திரம் முழுக்கத் தடவினார். பழைய மரத்துக்குள் தலை ஒடிந்த ஆணிகள் இருக்கும். பக்கத்தில் குத்தினால் இரும்பு கணக்கைக் கெடுத்துவிடும். பிறகு முனையிலிருந்து அரை மீட்டர் தள்ளி ஓரிடத்தைத் தேர்ந்தெடுத்தார். முனைப் பக்கம் சீக்கிரம் காயும், சீக்கிரம் நனையும். நடுமரத்தின் சேதி அங்கே கிடைக்காது. அந்த இடத்தில் பழைய எண்ணெயும் வார்னிஷும் போகும்படி லேசாக இழைத்தார்.

"நெடுக்கத்தான் குத்தணும்" என்றார். இரண்டு ஊசியும் நாரின் ஓட்டத்தோடு ஒரே கோட்டில் இருக்க வேண்டும். நாரோடு போகும்போது இருக்கும் தடை குறுக்கே இரண்டு மடங்காகிவிடும், கருவியின் அட்டவணையோ நெடுக்கத்துக்குப் போட்டது. அவர் வைத்திருந்தது சுத்தியலோடு சேர்ந்த நீள ஊசி. ஊசியின் உடம்பில் மின்காப்புப் பூச்சு, நுனி மட்டும் வெறும் உலோகம். மின்சாரம் பெரும்பாலும் சுலபமான வழியில்தான் போகும். பூச்சு இல்லாத ஊசி எவ்வளவு ஆழம் இறங்கினாலும், தொடுகிற இடங்களில் அதிக ஈரமான அடுக்கையே சொல்லும். பூச்சு இருந்தால் நுனி நிற்கும் ஆழம் மட்டும் பேசும். மேல்தோலில் குத்தியபோது 19 காட்டியது. இன்னும் அடித்து இறக்க 16. ஆழத்தில் 13. மழை மேலிருந்து உள்ளே நடந்துகொண்டிருந்தது அந்த மூன்று எண்ணிலும் தெரிந்தது. சாதாரணப் பலகையென்றால் கனத்தில் நாலில் ஒரு பங்கோ ஐந்தில் ஒரு பங்கோ இறக்கிப் பார்த்தால் போதும், ஏறக்குறைய முழுப் பலகையின் சராசரி வந்துவிடும்.

எண் கிடைத்த பிறகு திருத்தம் இருக்கிறது. பல கருவிகள் டக்ளஸ் ஃபிர் என்ற அமெரிக்க மரத்தை அளவுகோலாக வைத்து, 20 டிகிரி வாக்கிலான வெப்பத்துக்குச் செய்யப்பட்டவை. நம் வெயிலில் கிடந்து 40 டிகிரி சூடேறிய மரம், இருக்கிற ஈரத்தைவிட 2 சதவீதமோ கொஞ்சம் கூடவோ அதிகமாகக் காட்டும். அதைக் கழிக்க வேண்டும். தேக்குக்கு உரிய திருத்தத்தையும் கருவியின் அட்டவணையில் பார்த்துச் சேர்க்க வேண்டும். கடற்காற்றின் உப்போ, வண்டு அரிக்காமல் அடித்த போராக்ஸ் மருந்தோ ஏறிய மரம் அதிகம் காட்டும். 7-க்குக் கீழும் 30-க்கு மேலும் ஊசி மீட்டரை நான் நம்புவதில்லை.

ஊசியில்லாத மீட்டரும் உண்டு. பலகைமேல் வைத்தால் போதும், ஓட்டை விழாது. இழைத்து முடித்த மேஜைக்கு அதுதான் சரி. அதில் மரத்தின் அடர்த்தியைச் சரியாக வைக்க வேண்டும், கருவி இடைவெளி இல்லாமல் படிய வேண்டும், மெல்லிய பலகையை இரும்பு மேஜைமேல் வைத்துப் பார்க்கக் கூடாது.

சந்தேகம் வந்தால் தீர்ப்பு அடுப்பில்தான். நடுப்பகுதியில் ஒரு துண்டு அறுத்து உடனே எடை போட்டு, 103 டிகிரியில் எடை குறையாமல் நிற்கும்வரை காய வைக்க வேண்டும். 112 கிராம் 100 கிராமானால் ஈரம் 12 சதவீதம். வகுப்பது காய்ந்த எடையால். பட்டறையில் அன்று துண்டு போட்டுப் பார்த்தபோது மீட்டரின் திருத்திய கணக்கும் அடுப்பின் கணக்கும் ஒட்டியே வந்தன.

எவ்வளவு காய்ந்தால் போதும் என்பது மரம் எங்கே போகிறது என்பதைப் பொறுத்தது. இந்தியத் தர நிறுவனத்தின் ஐஎஸ் 287 நாட்டைக் காற்றின் ஈரத்தை வைத்து நாலு வட்டாரமாகப் பிரித்திருக்கிறது. கனமான கதவு ஜன்னலுக்கு வறண்ட வட்டாரத்தில் 10 வரை, மிக ஈரமான வட்டாரத்தில் 16 வரை அனுமதிக்கிறது. இந்த உத்திரம் ஏசி அறையில் போடும் மேஜைக்கு என்று முடிவாகியிருந்தது. அங்கே 9, 10-க்கு இறங்கும். 15-இல் ஒட்டிய 300 மில்லிமீட்டர் தேக்குப் பலகை 10-க்கு வரும்போது சுமார் 3 மில்லிமீட்டர் சுருங்கும். நாலு பலகை சேர்ந்தால் விரிசல் கண்ணுக்குத் தெரியும்.

அதனால் உத்திரத்தைப் பலகைகளாக அறுத்து, நடுவில் குச்சி வைத்து, காற்றோடும் கொட்டகையில் அடுக்கினார்கள். அறுத்ததும் நடுப்பலகையும் ஓரப்பலகையும் வேறு வேறு எண் காட்டின. எண்ணைத் தேதியோடு பலகை முனையில் சாக்கட்டியால் எழுதி வைத்தார்கள். கொட்டகைக் காற்றில் 12-க்குக் கீழே இறங்காது என்று தெரிந்ததும் பலகைகளை ஏசி அறைக்கே மாற்றி, எல்லாம் 10-க்கு வந்து, இரண்டு முறை பார்த்தும் எண் அசையாமல் நின்ற பிறகுதான் ஒட்டினார்கள். மேஜைப் பலகையைக் கால் சட்டத்தோடு முடுக்கும் துளைகளை ஆசாரி வட்டமாகப் போடவில்லை. பலகையின் அகலவாக்கில் நீளத் துளையாகச் செதுக்கினார். மின்சாரம் போய் ஏசி நின்ற மழைநாட்களில் பலகை மறுபடி அகலும். திருகாணி அந்தத் துளைக்குள் நகர்ந்து இடம் கொடுக்கும்.