சட்டம் பார்க்காத பகல்

1870இல் லண்டனின் பிரிக்ஸ்டன் பகுதியில் பச்சிளங்குழந்தைகளின் சடலங்கள் தெருவோரங்களில் கிடைக்கத் தொடங்கின. விசாரணையில் இறங்கிய ரெல்ஃப் என்ற போலீஸ் சார்ஜன்ட் துப்புத் தேடிய இடம் செய்தித்தாளின் வரி விளம்பரப் பகுதி. ஐந்து பவுண்டை மொத்தமாகக் கொடுத்துவிட்டால் குழந்தையைத் தங்கள் பிள்ளையாகவே வளர்ப்பதாகச் சொல்லும் விளம்பரங்கள் அன்று சர்வசாதாரணம். அப்படி ஒரு விளம்பரத்தைப் பிடித்துக்கொண்டு அவர் ஒரு வீட்டுக்குள் நுழைந்தார். அபின் கலந்த மருந்து கொடுத்து மயக்கப்பட்ட குழந்தைகள் சோபாவில் கிடந்தன. வீட்டுக்காரியான மார்கரெட் வாட்டர்ஸ் அதே ஆண்டு அக்டோபர் 11 அன்று தூக்கிலிடப்பட்டாள்.

இதற்குப் பத்திரிகைகள் வைத்த பெயர் ‘குழந்தைப் பண்ணை’. கைக்கு வருவது ஒரே தொகை. பாலுக்கும் துணிக்கும் ஆகும் செலவோ தினமும் உண்டு. குழந்தை சீக்கிரம் செத்தால் லாபம்.

பிள்ளையைக் கொடுத்த தாய்மார்களைப் பழிப்பது சுலபம். ஆனால் 1834ஆம் ஆண்டின் ஏழைகள் சட்டம், மணமாகாத தாய்க்குப் பிறந்த குழந்தையின் பொறுப்பை ஏறக்குறைய முழுவதுமாக அவள் தலையிலேயே கட்டிவிட்டு ஆணைத் தப்பவிட்டது. கைக்குழந்தையோடு வரும் பெண்ணுக்கு யாரும் வீட்டு வேலை தருவதில்லை. வேலை போனால் இருவருக்கும் பட்டினி.

வாட்டர்ஸ் வழக்கு கிளப்பிய கொதிப்பில் 1872இல் சிசு உயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. காசு வாங்கிக்கொண்டு ஒரு வயதுக்கு உட்பட்ட ஒன்றுக்கு மேற்பட்ட குழந்தைகளை 24 மணி நேரத்துக்கு மேல் வைத்திருப்பவர் பதிவுசெய்துகொள்ள வேண்டும். குழந்தை இறந்தால் மரண விசாரணை அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும். அந்த 24 மணி நேரம் என்ற வரம்புதான் இந்தக் கதையின் முடிச்சு. காலையில் விட்டு மாலையில் அழைத்துப்போகும் பிள்ளைகளை அது முற்றிலும் வெளியே தள்ளியது. லங்காஷயர் பஞ்சாலைகளுக்கு ஓடிய தாய்மார்கள் பக்கத்து வீட்டுக் கிழவியிடம்தான் பிள்ளையை விட்டுப்போனார்கள். அழும் குழந்தைகளுக்கு அங்கே கிடைத்தது பெரும்பாலும் ‘காட்ஃப்ரீஸ் கார்டியல்’. வெல்லப்பாகில் அபின் கரைத்த திரவம் அது. மருந்துக்கடையில் தாராளமாகக் கிடைத்தது. பாகின் அடியில் அபின் தங்கிவிடும் என்பதால் பாட்டிலின் கடைசிக் கரண்டி உயிரையே எடுத்துவிடக்கூடும்.

பெண்ணுரிமைக்குப் போராடியவர்கள் பலரே இந்தச் சட்டத்தை எதிர்த்தார்கள். தாயின் விவகாரத்தில் அரசு மூக்கை நுழைக்கிறது, ஏழைப் பெண்ணின் பிழைப்பைக் கெடுக்கிறது என்றார்கள். அந்த வாதத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. காப்பகம் கட்டித் தராத அரசு, பக்கத்து வீட்டுக்காரியை மட்டும் சந்தேகிப்பதில் என்ன நேர்மை இருக்கிறது?

சட்டத்தின் ஓட்டை 1896இல் தேம்ஸ் ஆற்றில் மிதந்து வந்தது. ரெடிங் அருகே படகுக்காரர் ஒருவர் எடுத்த பொட்டலத்தில் ஒரு குழந்தையின் உடல் இருந்தது. சுற்றியிருந்த காகிதத்தில் மங்கலாக ஒரு முகவரியும் இருந்தது. அது அமீலியா டையர் என்பவளிடம் போலீஸைக் கொண்டுபோய்ச் சேர்த்தது. அவள் பயிற்சி பெற்ற நர்ஸ். 1879லேயே குழந்தைகளைக் கவனிக்காமல் விட்டதற்காக ஆறு மாதம் சிறையில் இருந்தவள். இந்த வழக்கை அடுத்து 1897இல் சட்டத்தின் வயது வரம்பு ஐந்தாக உயர்ந்தது. 1908இல் ஒரே ஒரு குழந்தையை வைத்திருப்பவரும் சட்டத்துக்குள் வந்தார். பகல் பராமரிப்பு அப்போதும் வெளியேதான்.

அதுவும் சட்டத்துக்குள் வர ஒரு போர் தேவைப்பட்டது. இரண்டாம் உலகப் போரில் பெண்கள் ஆயுதத் தொழிற்சாலைக்குப் போக வேண்டியிருந்ததால் அரசே ஆயிரத்துக்கும் மேற்பட்ட காப்பகங்களைத் திறந்தது. போர் முடிந்ததும் அவற்றில் பலவற்றை மூடவும் செய்தது. தாய்மார்கள் மறுபடியும் தனியாரைத் தேடிப்போக, 1948இல் பகல் காப்பகங்களுக்கும் பிள்ளை பார்ப்போருக்கும் பதிவுச் சட்டம் வந்தது. 1872இலிருந்து கணக்கிட்டால் 76 ஆண்டுகள்.

சட்டம் இருந்தும் பதிவேட்டில் ஏறாதவர்கள் ஏராளம். 1970களில் பிரையன் ஜாக்சன் என்ற கல்வி ஆய்வாளரும் குழுவினரும் விடியற்காலையில் தெருக்களில் நின்று, தாய்மார்கள் பிள்ளைகளை எந்தக் கதவுக்குப் பின்னால் விடுகிறார்கள் என்று பார்த்துத்தான் அவர்களைக் கண்டுபிடித்தார்கள்.

1989ஆம் ஆண்டின் குழந்தைகள் சட்டம் கண்காணிப்பை இறுக்கியது. 2001இல் அந்தப் பணி ஆஃப்ஸ்டெட் என்ற தேசிய ஆய்வு அமைப்பிடம் போனது. 2002இல் சோஹம் ஊரில் இரு சிறுமிகளைப் பள்ளிப் பராமரிப்பாளன் ஒருவன் கொன்றதைத் தொடர்ந்து, பிள்ளைகளிடம் வேலைக்கு வருவோரின் பின்னணியைச் சரிபார்க்கும் முறை பெரிதாக விரிந்தது.

ஆனால் அந்தச் சோதனை ஏற்கெனவே சிக்கியவனைத்தான் காட்டும். 2009இல் பிளிமத் நகரக் காப்பகம் ஒன்றில் வேலைபார்த்த ஒரு பெண், தன் செல்போனில் குழந்தைகளைத் தவறாகப் படமெடுத்து அனுப்பியது வெளிவந்தது. அவர் மீது பழைய குற்றப் பதிவு எதுவும் இல்லை. மறு ஆண்டு வெளியான விசாரணை அறிக்கை, அவருடைய ஆபாசப் பேச்சு சக ஊழியர்களுக்குச் சங்கடமாக இருந்தும் யாரும் தட்டிக் கேட்கவில்லை என்று சொன்னது. செல்வாக்கான ஒருத்தியைப் பகைத்துக்கொள்ளத் தயக்கம், நிர்வாகமோ பலவீனம். வாட்டர்ஸ் காலத்துச் சட்டம் வீட்டைப் பார்த்தது, பிந்தைய சட்டம் ஆளின் தாளைப் பார்த்தது. கூட வேலைசெய்பவரின் வாய் திறக்க வழி செய்வது மட்டும் பாக்கியிருந்தது. எல்லாவற்றிலும் கடினமானதும் அதுதான்.

அதன் பிறகு, செல்போனும் கேமராவும் பற்றிய எழுத்துபூர்வமான விதி ஒவ்வொரு காப்பகத்துக்கும் கட்டாயமானது. 2025 செப்டம்பரில் முறைகேட்டை முன்வந்து சொல்லும் ஊழியருக்கான நடைமுறையும் விதிகளில் சேர்ந்தது. சாப்பிடும் குழந்தை ஊழியரின் கண்ணுக்கும் காதுக்கும் எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும் என்பது அதற்கு முன்பே, 2023இல் சேர்ந்திருந்தது. நடுவில் ஒரு முரணும் நடந்தது: அதே 2023இல் செலவைக் காரணம் காட்டி, இரண்டு வயதுப் பிள்ளைகள் நால்வருக்கு ஒரு ஊழியர் என்றிருந்ததை ஐவருக்கு ஒருவர் என்று அரசு தளர்த்தியது.

லண்டனின் ஈஸ்ட் ஹாமிலும் ஹாரோவிலும் பிள்ளையைக் காப்பகத்தில் விட்டுவிட்டு வேலைக்கு ஓடும் தமிழ்க் குடும்பங்கள் நிறைய. ஆஃப்ஸ்டெட் அறிக்கைகள் யார் வேண்டுமானாலும் படிக்கக் கிடைக்கின்றன. குழந்தைப் பாதுகாப்புக்குப் பொறுப்பான ஒருவரை ஒவ்வொரு காப்பகமும் நியமித்திருக்க வேண்டும். சேர்க்கும் நாளன்று கட்டணத்தோடு அந்தப் பொறுப்பாளர் யார் என்பதையும், ஊழியருக்குச் சந்தேகம் வந்தால் யாரிடம் சொல்வார் என்பதையும் கேட்டுவிடுங்கள்.