கக்கன்: ஆஸ்பத்திரிக் கதைக்கு முந்தைய நாற்பது வருஷம்

ஒவ்வொரு ஜூன் 18-ம் தேதியும் வாட்ஸ்அப்பில் கக்கன் வந்துவிடுவார். அமைச்சராக இருந்தவர், மதுரை அரசு ஆஸ்பத்திரியில் சாதாரண வார்டில் படுத்திருந்தார். மதுரை முத்துவைப் பார்க்க வந்த எம்.ஜி.ஆர். விஷயம் தெரிந்து ஓடிப்போய்ப் பார்த்தார். இது உண்மைதான். ஆனால் இந்த ஒரு காட்சியை மட்டும் வைத்துக்கொண்டு "நல்ல மனுஷன், பாவம்" என்று முடித்துவிடுகிறோம். அவர் நாற்பது வருஷம் செய்த அரசியல் எங்கே போச்சு?

கொஞ்சம் தேதி வாரியாக அடுக்கிப் பார்ப்போம்.

தும்பைப்பட்டியிலிருந்து கோயில் வாசல் வரை

1908-ல் மேலூர் பக்கம் தும்பைப்பட்டியில் பிறந்தார். பட்டியல் சமூகக் குடும்பம். அப்பா ஊர்க் கோயில் பூசாரி. அதாவது, சொந்தத் தெருக் கோயிலில் பூசை செய்கிற குடும்பத்துக்கு, மீனாட்சி அம்மன் கோயிலுக்குள் கால் வைக்க அனுமதி இல்லை.

1939 ஜூலை 8-ம் தேதி வைத்தியநாத ஐயர் ஆலயப் பிரவேசம் நடத்தியபோது உள்ளே போனவர்களில் கக்கனும் ஒருவர். இதில் கவனிக்க வேண்டியது, சட்டம் வந்த பிறகு அவர்கள் உள்ளே போகவில்லை. அவர்கள் போன பிறகுதான் ராஜாஜி அரசு அவசரச் சட்டம் போட்டு, அப்புறம் அதை முழுச் சட்டமாக்கியது. ஒருவேளை அரசு பின்வாங்கியிருந்தால் வழக்கைச் சந்திக்க வேண்டியவர்கள் இவர்கள்தான்.

1942 வெள்ளையனே வெளியேறு போராட்டத்தில் சிறை. பிறகு அரசியல் நிர்ணய சபை உறுப்பினர். கோயிலுக்குள் நுழைந்து பத்து வருஷம்கூட ஆகவில்லை, நாட்டின் அரசமைப்பை எழுதுகிற சபையில் இருக்கிறார்.

பதவிகள்

1952-ல் மதுரையிலிருந்து லோக்சபா. அப்போதெல்லாம் இரட்டை உறுப்பினர் தொகுதி என்று ஒரு முறை இருந்தது. ஒரே தொகுதி, ரெண்டு எம்.பி., அதில் ஒன்று பட்டியல் சமூகத்துக்கு. எல்லா சாதி வாக்காளர்களும் ரெண்டு பேருக்கும் ஓட்டுப் போடுவார்கள். 1961-ல்தான் இந்த முறையை எடுத்தார்கள்.

1954-ல் காமராஜர் முதலமைச்சரானதும் மாநிலக் காங்கிரஸ் தலைவர் பதவி கக்கனுக்கு வந்தது. 1957-ல் மேலூரில் ஜெயித்து பொதுப்பணித் துறை அமைச்சர். 1962-ல் சமயநல்லூர் (நம்ம காளவாசலிலிருந்து திண்டுக்கல் ரோட்டைப் பிடித்தால் பரவைக்கு அடுத்து), துறை விவசாயம். 1963 அக்டோபரில் பக்தவத்சலம் அமைச்சரவையில் உள்துறை.

இங்கே ஒரு திருத்தம். "மேட்டூர் அணையைக் கட்டியவர் கக்கன்" என்று பல பதிவுகளில் இருக்கிறது. மேட்டூர் அணை 1934-லேயே முடிந்துவிட்டது. அப்போது அவருக்கு 26 வயசு. அவர் பொதுப்பணித் துறையில் இருந்தபோது திறக்கப்பட்டது வைகை அணை, 1959-ல். மதுரைக்காரர்களுக்கு இதுவே போதுமே! நம் வீட்டுக் குழாயில் வருகிற வைகைத் தண்ணீர் அந்த அணையிலிருந்துதான் வருகிறது. இல்லாத பெருமையைச் சேர்க்க வேண்டிய தேவையே இல்லை.

பேசப்படாத 1965

இனி, பார்வர்டுகளில் வராத பகுதி. 1965 ஜனவரி 25, மதுரை. இந்தி எதிர்ப்பு ஊர்வலம் போன மாணவர்களுக்கும் காங்கிரஸ்காரர்களுக்கும் மோதல். அங்கிருந்து கலவரம் மாநிலம் முழுக்கப் பரவியது. துப்பாக்கிச் சூடு, துணை ராணுவம் எல்லாம் வந்தது. அரசுக் கணக்கிலேயே செத்தவர்கள் சுமார் 70 பேர். போராட்டம் பற்றிக்கொண்டது கக்கனின் சொந்த ஊரில். உள்துறை அமைச்சர் நாற்காலியில் இருந்ததும் கக்கன்தான்.

மக்கள் கோபம் பெரும்பாலும் பக்தவத்சலம் மேல் விழுந்தது. முதலமைச்சர் அவர்தானே. ஆனாலும் அந்த அமைச்சரவையில் உள்துறை வைத்திருந்தவரின் வரலாற்றை எழுதும்போது 1965-ஐத் தாண்டிக் குதிக்க முடியாது. 'எளிமையின் சிகரம்' என்று பட்டம் கொடுத்துவிட்டால், இந்தக் கேள்வியைக் கேட்கவே கூச்சமாகிவிடுகிறது. அதுதான் இந்த மாதிரிப் புகழ்ச்சியில் எனக்கு இருக்கிற பிரச்சினை. கக்கனை நிரபராதியாக்குவதும் இல்லை, குற்றவாளியாக்குவதும் இல்லை, அரசியலிலிருந்தே எடுத்துவிடுகிறது.

ஜனங்கள் அப்படி எடுக்கவில்லை. 1967-ல் மேலூர் தெற்கில் தி.மு.க.வின் ஓ.பி.ராமனிடம் தோற்றார். விருதுநகரில் காமராஜரும், ஸ்ரீபெரும்புதூரில் பக்தவத்சலமும் தோற்ற அதே தேர்தல். அவர் நேர்மையானவர் என்று தெரிந்தே தோற்கடித்தார்கள். தனி மனித நேர்மையும் ஆட்சியின் முடிவுகளும் வேறு வேறு கணக்கு என்று வாக்காளர்களுக்குத் தெரிந்திருந்தது.

சரி, எளிமை?

அதைக் குறைத்துச் சொல்லவில்லை. பத்து வருஷம் அமைச்சர். கான்ட்ராக்ட் புழங்குகிற பொதுப்பணித் துறை, அப்புறம் போலீஸ் இருக்கிற உள்துறை. அதிலிருந்து வெளியே வந்தபோது கையில் ஒன்றும் இல்லை. எம்.ஜி.ஆர். அரசு மாத உதவித்தொகை கொடுக்கவேண்டிய நிலை. 1981 டிசம்பர் 23-ல் காலமானார்.

அவர் காலத்துக் காங்கிரஸில் பணம் சேர்க்காதவர்கள் இன்னும் சிலரும் இருந்தார்கள். ஆனால் வறுமையோடு சேர்த்தே நாம் நினைவு வைத்திருப்பது கக்கனை. காமராஜர் என்றால் மதிய உணவும் பள்ளிக்கூடமும் ஞாபகம் வருகிறது. கக்கன் என்றால் ஆஸ்பத்திரிப் பாய். ஒரு பட்டியல் சமூகத் தலைவரை ஆட்சி செய்தவராக நினைப்பதைவிட, பரிதாபத்துக்குரியவராக நினைப்பது நமக்குச் சுலபமாக இருக்கிறதோ என்று தோன்றுகிறது.

அடுத்த ஜூன் 18-க்கு அந்த பார்வர்டு வரும்போது, கூடவே மூணு வருஷத்தைச் சேர்த்து அனுப்புங்கள்: 1939, 1959, 1965.